ஆடி பிறப்பதற்குள் ஒரு லேப்டாப்

அப்பா இறந்த பதினேழாம் நாள் எனக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார்கள்.

இதைச் சொன்னால் எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நாங்கள் என்ன ஆசைப்பட்டா அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம்? செவ்வாய்க்கிழமை கருமாதி. அதுவரை தீட்டு. வியாழக்கிழமை அஷ்டமி. வெள்ளிக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடி மாதத்தில் எங்கள் வீட்டில் புதிதாக ஒரு விளக்குமாறுகூட வாங்க மாட்டார்கள். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் நடுவில் புதன்கிழமை ஒன்றுதான் மிச்சமிருந்தது.

ஆவணி வரைக்கும் பொறுத்திருக்கலாமே என்பீர்கள். முடியாது. அதற்குக் காரணம் படிவு.

இப்போதைய மாணவர் லேப்டாப்பை முதன்முதலில் திறந்த நாளிலிருந்து நாற்பத்தெட்டு நாள் அது நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். எந்தச் சொல்லில் விரல் தயங்குகிறது, எந்த வரியை எழுதிவிட்டு அழிக்கிறோம், எப்போது கண் திரையைவிட்டுப் போகிறது, எல்லாவற்றையும். காது மட்டும் கிடையாது. வழக்குப் போட்டு அதைப் பிடுங்கிவிட்டார்கள். கூடவே, நாம் அதுவரை எழுதிய பள்ளிக் கட்டுரை, சிநேகிதிக்கு அனுப்பிய செய்தி என்று அத்தனையையும் முதல் நாளே அதற்குள் கொட்டிவிட வேண்டும். நாம் எழுதியது மட்டும்தான். மற்றவர்கள் நமக்கு எழுதியதை அது சீண்டாது.

நாற்பத்தெட்டாம் நாள் எல்லாம் கெட்டிப்பட்டு மூடிக்கொள்ளும். அதுதான் படிவு. அதன்பிறகு நான்கு வருடமும் அது நம்மோடு சேர்ந்து யோசிக்கும். நான் பாதி வரி எழுதினால் மீதியை நான் எழுதுகிற மாதிரியே எழுதும். புரியாவிட்டால் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்வி கேட்கும். புதுப் பாடம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும். ஆனால் ஆளைப் பற்றிப் படிந்தது படிந்ததுதான், மாறாது. கல்லூரியில் நம் விடைத்தாள் நம்முடையதுதானா என்று அந்தப் படிவோடு ஒப்பிட்டுத்தான் ஒத்துக்கொள்வார்கள். மூன்றாம் வருடம் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் முதலில் அதோடுதான் பேசுவார்கள். அதைப் பிடித்திருந்தால்தான் நம்மைக் கூப்பிடுவார்கள்.

ஆகவே எப்போது வாங்குவது என்பதுதான் பிள்ளை வைத்திருக்கிற வீடுகளில் எல்லாம் பேச்சு. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வாங்கு, மனசு குளிர்ந்திருக்கும் என்பார் ஒருத்தர். சேச்சே, கல்லூரி சேர்ந்து நாலு சிநேகிதம் பிடித்த பிறகு வாங்கு என்பார் இன்னொருத்தர். வசதியுள்ளவர்கள் பிள்ளையைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய் அங்கேயே நாற்பத்தெட்டு நாள் வைத்திருக்கிறார்கள். என்னோடு படித்த ஹர்ஷவர்தன் வீட்டில் அந்த நாற்பத்தெட்டு நாளும் அவன் அப்பாவும் அம்மாவும் வாய்ச்சண்டைகூடப் போடவில்லையாம். நாற்பத்தொன்பதாம் நாள் மொத்தமாகப் போட்டார்களாம்.

என் அப்பா ஜெகதீசன், திருச்சியில் பஸ் டிப்போ மெக்கானிக். ரிசல்ட் வரட்டும் வாங்கலாம் என்றார். வந்தது. கவுன்சலிங் முடியட்டும் என்றார். முடிந்தது. அடுத்த மாதம் கண்டிப்பாக என்றார். ஆனி பதினைந்தாம் தேதி டிப்போவில் ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அழவில்லை. அழக் கூடாது என்றெல்லாம் இல்லை, வரவில்லை. வந்திருந்த பெண்களில் ஒருத்தி, "கல்லு மாதிரி உக்காந்திருக்கு பாரு" என்று என் காதுபடவே சொன்னாள். தப்பில்லை, அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சாப்பிடு என்றால் சாப்பிட்டேன். சிநேகிதிகள் போனில் எழுதிய ஆறுதலுக்கெல்லாம் கை கூப்பிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்த சாயங்காலம், அப்பாவின் அண்ணன் செந்தில்நாதன் பெரியப்பா தினசரி நாள்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சுகன்யா, நாளைக்கு விட்டா வேற நாளே இல்லம்மா. வியாழன் அஷ்டமி. அப்புறம் ஆடி."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "இப்ப எதுக்குங்க அதெல்லாம்? அவரு போயி இன்னும் முழுசா ஒரு மாசம்கூட ஆகல."

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? ஆவணியில வாங்கினா புரட்டாசி பாதிலதான் படிவு மூடும். புள்ளைக்கு அதுக்கு முன்னாடியே முதல் டெஸ்ட். படிவு இல்லாம எழுதவே விடமாட்டாங்க. ஒரு வருசம் போயிடும்."

"இந்த நெலமையில வாங்கினா இவ துக்கமெல்லாம் அதுல ஏறிடாதா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

"அதான் தீட்டு கழிஞ்சிருச்சேம்மா. புள்ளையும் தெளிவா இருக்கா. அழுது புரள்றவளா இருந்தா நானே வேணாம்பேன். என்ன மதி, நீ என்ன சொல்ற?"

என் பெயர் நிறைமதி. "நாளைக்கே வாங்கிடலாம் பெரியப்பா" என்றேன். எனக்கு எல்லா நாளும் ஒன்றாகத்தான் இருந்தது.

தெப்பக்குளம் பக்கத்தில் ரவூஃப் பாய் கடை. அறுபது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. பெரியப்பாவின் மொட்டைத் தலையையும் அம்மாவின் நெற்றியையும் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"எத்தன நாளாச்சு?"

"பதினேழு, பாய்" என்றாள் அம்மா.

"நான் விக்க உக்காந்திருக்கிறவன், நான் இதைச் சொல்லக் கூடாது. ஒரு வருசம் போனாப் போகுதுன்னு விடுங்கம்மா. அடுத்த வருசம் படிக்கட்டும்."

"காரியமெல்லாம் முறையா முடிச்சாச்சு பாய். பதினாறோட எங்களுக்குக் கழிஞ்சிடும்" என்றார் பெரியப்பா.

"எங்கள்லயும் கணக்கு இருக்குங்க. புருசன் போயிட்டா பொம்பளைங்க நாலு மாசம் பத்து நாள் துக்கம் இருப்பாங்க. அது ஊருக்காக வெச்ச கணக்கு. இந்த மிஷினுக்கு அந்தக் கணக்கு தெரியாது பாருங்க."

அது வாக்குவாதமாகப் போய்விடும் போலிருந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். கடையில் வைத்திருக்கும் சோதனைக் கருவியின் முன்னால் என்னைப் பத்து நிமிடம் உட்கார்த்தி, எதையாவது எழுதச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து கடைக்கு வந்த வழியை எழுதினேன். அவர் முடிவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சமன்" என்றார். "ஒரு ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல. கொடைக்கானல் போயிட்டு வர்ற புள்ளைங்களுக்கே இப்படி வர்றதில்ல. கம்பெனிக்காரன் கண்ணுல ஒத்திக்குவான்."

பெரியப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கே வாங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதன் மூடியில் சந்தனம் வைத்தாள். குங்குமச் சிமிழை எடுத்தவள் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். நான் வைத்தேன்.

கூடத்தில் சாப்பாட்டு மேசைதான் எனக்குப் படிப்பு மேசை. எதிரே சுவர். முதுகுக்குப் பின்னால் வாசல் கதவு, அதைத் தாண்டி இரும்புக் கேட். அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்து, வெளியிலிருந்து கைவிட்டுத் திறக்க வராது. உள்ளேயிருந்து ஒருத்தர் போய்க் கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். ஊர் பஸ்ஸையெல்லாம் ஓட வைக்கிற மனுஷன் சொந்த வீட்டுத் தாழ்ப்பாளைச் சரி செய்ய மாட்டேனென்கிறார் என்று அம்மா திட்டாத நாள் கிடையாது. அப்பா தினமும் ஆறு பத்துக்குத் தெருமுனையில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். யாராவது போய்த் திறப்போம். பெரும்பாலும் நான்.

கல்லூரி திறந்தது. காலையில் பஸ், சாயங்காலம் பஸ். ஐந்து மணிக்கு வந்து மேசைமுன் உட்கார்ந்தால் எட்டு மணி வரை எழுத்து வேலை. அம்மா சமையலறையில் இருப்பாள். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பேசியதெல்லாம் கேட்டைப் பற்றித்தான்.

"ஏன்டி, கேட்டைத் திறந்து போட்டியா? நாய் உள்ள வந்து குப்பைக் கூடையை உருட்டிட்டுப் போயிருக்கு."

"நான் எங்கம்மா திறந்தேன்? உக்காந்த எடத்தை விட்டு நான் எழுந்திருக்கவே இல்ல."

"அப்ப காத்தா வந்து திறந்துச்சு? வீட்ல ரெண்டே பேரு."

"நீதான் திறந்திருப்ப."

"நான் ஏன் திறக்கப்போறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

வாரத்துக்கு நான்கு நாளாவது இந்தச் சண்டை. தெருவில் காதறுந்த செவலை நாய் ஒன்று இருக்கிறது. இருட்டுகிற நேரமானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அம்மா பொய் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவள் நினைத்தாள். கோபம்கூட அரைகுறையாகத்தான் வந்தது.

ஆவணி பாதியில், ஒரு திங்கட்கிழமை, படிவு மூடியது. திரையில் பச்சையாக ஒரு கோடு வந்து போனது, அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தபோது லேப்டாப் அப்படியே நின்றது. விசையைத் தட்டினேன். அசையவில்லை. மூன்று நிமிடம் கழித்துத் தானாகவே விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. புதன்கிழமையும் அப்படியே. வியாழனும். நேரத்தைப் பார்த்திருந்தால் எனக்கு அப்போதே புரிந்திருக்கலாம். நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே எழுதும் மாதிரித் தேர்வு. ஐந்தரை முதல் ஏழு வரை. நடுவில் நின்றுவிட்டது. மறுநாளே கல்லூரியிலிருந்து தகவல்: உங்கள் படிவில் இடைநிற்றல் காணப்படுகிறது. மூடிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் சரிசெய்து காட்டவும். தவறினால் இந்தப் படிவே பட்டம் முடியும்வரை உங்களுடைய படிவாகக் கொள்ளப்படும், குறையோடு.

அன்று சாயங்காலமே அம்மாவும் நானும் ரவூஃப் பாய் கடைக்குப் போனோம். எனக்குப் பதினெட்டு ஆகவில்லை; எதற்கும் அம்மா கையெழுத்து வேண்டும்.

"மிஷின்ல கோளாறு பாய், நின்னு நின்னு போகுது. மாத்திக் கொடுத்துருங்க" என்றாள் அம்மா.

அவர் லேப்டாப்பில் ஒரு கம்பியைச் சொருகி வெகுநேரம் பார்த்தார்.

"கோளாறு ஒண்ணும் இல்லம்மா. மிஷின் சரியாத்தான் இருக்கு. பாப்பாதான் நிக்கிது."

"புரியல" என்றேன்.

"நீ என்ன செய்யிறியோ அதைத்தான் அது கத்துக்கும். நாப்பத்தெட்டு நாளும் ஆறு பத்துக்கு நீ நின்னிருக்க. அதுவும் நிக்கிது."

"நான் நிக்கலையே பாய். எழுதிக்கிட்டேதான் இருந்தேன்."

"படிஞ்ச ஒவ்வொண்ணுக்கும் அது ஒரு சாட்சி வெச்சிருக்கும். காட்டவா?"

திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் முகம். எழுதிக்கொண்டிருக்கிறேன். மூலையில் நேரம் ஆறு பத்து. விரல்கள் விசையை விட்டு எழும்புகின்றன. தலை லேசாக நிமிர்ந்து ஒரு பக்கமாகச் சாய்கிறது, எதையோ கேட்கிற மாதிரி. நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறேன். பாதி எழுந்திருக்கிறேன். அப்படியே நிற்கிறேன், உட்காராமலும் போகாமலும். பிறகு உட்கார்ந்து எழுதத் தொடங்குகிறேன். அடுத்த நாள் அதே. அதற்கடுத்த நாள் அதே, வேறு சுடிதாரில். யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை.

"இன்னொண்ணும் இருக்கு" என்று என்னுடைய பழைய செய்திகளை வரிசையாகக் காட்டினார். நான்கு வருடத்துச் செய்திகள். இருடி, அப்பா வந்தாச்சு, கேட் திறந்துட்டு வரேன். இரு, அப்பா ஹாரன், ஒரு நிமிஷம். அப்பா வந்தாச்சு, அப்புறம் பேசறேன். எல்லாம் ஆறு பத்து, ஆறு பதினொன்று.

அம்மா செய்திகளை முழுதாகப் படிக்கவில்லை. அவள் மறுபடி படத்தைப் போடச் சொன்னாள். திரைக்கு வெகு அருகில் குனிந்தாள்.

"பாய், பின்னாடி போறது யாரு?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். நான் பாதி எழுந்து நிற்கும்போது என் தோளுக்குப் பின்னால், சமையலறையிலிருந்து அம்மா வருகிறாள். கையில் கரண்டி. என்னைப் பார்க்கவில்லை. வாசல் கதவைத் தாண்டிப் போய்க் கேட் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்துத் திறக்கிறாள். திறந்து வைத்துவிட்டு அதே நடையில் திரும்பி வருகிறாள். அடுத்த நாளும் வருகிறாள். ஒரு நாள் கையில் ஈரத் துணி. ஒரு நாள் மாவு. நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

"நானா?" என்றாள் அம்மா. "நானா திறந்திருக்கேன்?"

ரவூஃப் பாய் படத்தை நிறுத்தினார்.

பிறகு சொன்னார், "இதை வெட்டி எடுத்துடலாம்மா. வருசம் வீணாகாது. அந்த மூணு நிமிசத்தையும், அதோட ஒட்டிக்கிட்டு இருக்கிற செய்தி, படம் எல்லாத்தையும் சேத்து எடுத்துட்டா மிச்சமெல்லாம் சுத்தமா சமன்தான். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"வெட்டலைன்னா?"

"உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். தெனமும் மூணு நிமிசம் நிக்கிற மிஷினை எந்தக் கம்பெனியும் விரும்பாது. புள்ளைக்கு நல்ல எடம் கிடைக்கிறது கஷ்டம்."

அம்மா பேனாவை வாங்கினாள். படிவத்தை மேசையில் வைத்து நேராக்கினாள்.

"வெட்டினா நான் பின்னாடி நடந்து போறேனே, அதுவும் போயிடுமா?"

"எல்லாம் போயிடும்மா."

"அவரு வந்தாச்சுன்னு இவ எழுதினதெல்லாம்?"

"அதுவும்தான்."

அம்மா பேனாவை மூடினாள். "மதி, உன் படிப்பு, உன் வேலை. நீ சொல்லு. நான் ஒண்ணும் சொல்லல."

"வேண்டாம்மா" என்றேன். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டு மாதத்தில் முதல்தடவையாக ஒன்று வேண்டாமென்று தோன்றியது, சொல்லிவிட்டேன். கெடு முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது, மனசு மாறினால் போன் பண்ணு என்று ரவூஃப் பாய் நம்பர் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு பத்துக்கு லேப்டாப் நின்றது. குனிந்து பார்த்தேன், என் கால் நாற்காலியைத் தள்ளியிருந்தது. இந்தத் தடவை நான் பாதியில் நிற்கவில்லை. முழுதாக எழுந்து வாசலுக்குப் போனேன்.

அம்மா கேட்டருகில் இருந்தாள். கேட் திறந்திருந்தது. அவள் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. தெருமுனையிலிருந்து செவலை நாய் வந்தது, எங்களைப் பார்த்ததும் தயங்கி நின்றது.

"தெரிஞ்சேதான் வந்தேன் இன்னைக்கு" என்றாள் அம்மா. "வராம இருக்க முடியல மதி."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுதாள், சத்தம் வராமல், தாழ்ப்பாளை விடாமல். எனக்கு அப்போதும் வரவில்லை. "உள்ள வாம்மா, அடுப்புல என்னமோ இருக்கு" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். லேப்டாப் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி இருந்தது. நான் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தது.

அப்பா வந்தாச்சா?

அதற்குத் தெரியாது. நாற்பத்தெட்டு நாளில் நான் அதை ஒரு தடவைகூட எழுதவில்லை. அதற்கு முந்தின பதினாறு நாளிலும் யாருக்கும் எழுதவில்லை. கை கூப்பிய படம்தான் அனுப்பினேன். மற்றவர்கள் எழுதியதை அது எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காதும் இல்லை. இத்தனை நாளும் பாதி எழுந்து உட்கார்ந்தவள் அன்றைக்குத்தான் எழுந்து கேட் வரைக்கும் போனேன். அப்பா வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறது.

இல்லை என்று எழுதினேன். அழித்தேன். இன்னும் வரலை என்று எழுதினேன். அதையும் அழித்தேன். பிறகு எழுதினேன்: அப்பா இறந்துட்டார். ஆனி பதினைந்து. டிப்போவில். தண்ணீர் கேட்டார்.

தண்ணீர் என்ற இடத்தில் எனக்குத் திரை தெரியவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, என்னடி என்னடி என்று முதுகைத் தடவினாள். நான் அழுது முடிக்க எட்டு மணி ஆயிற்று. லேப்டாப் அதற்குள் விட்ட கணக்கைத் தானே தொடங்கியிருந்தது.

திங்கட்கிழமையும் எழுந்து கேட் வரை போய் வந்தேன்; ஆறு பதின்மூன்றுக்கு மறுபடி கேட்டது. செவ்வாயும் கேட்டது. படிவு மூடிவிட்டதல்லவா, ஆளைப் பற்றி எதைச் சொன்னாலும் அதற்கு ஏறாது. புதன்கிழமையோடு கெடு முடிந்தது. ரவூஃப் பாய்க்கு நான் போன் செய்யவில்லை.

இப்போது நான் மூன்றாம் வருடம். இதுவரை இரண்டு கம்பெனிகள் அதோடு பேசிவிட்டு என்னைக் கூப்பிடாமலே போய்விட்டன. தாழ்ப்பாளை மாற்றியாயிற்று, புதியது வெளியிலிருந்தே திறக்கும். நேற்றும் ஆறு பதின்மூன்றுக்கு, அப்பா வந்தாச்சா என்று கேட்டது. நேற்றும் சொன்னேன்.